வீட்டுக்குத் தகவல் போகிற வரைக்கும்

காதுக்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கூசுது, கூசுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். குணாளனுக்கு அந்தச் சிரிப்பை அப்படியே பிடுங்கித் தூர எறியலாம்போல் இருந்தது. ஆனால் சிரிப்பு இருந்தது இயர்பீஸில். இயர்பீஸைக் கழற்றினால் ஸ்டுடியோவிலிருந்து கூப்பிடுவது கேட்காது, கூப்பிடுவது கேட்காவிட்டால் ஆறு மணிச் செய்தியின் முதல் வரி போகும், முதல் வரி போனால் இவன் பிழைப்பும் கூடவே போகும். அதனால் கழற்றாமல் நின்றான். எல்லையோரத்து மலை ஊரில், லீவு விட்டுக் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், பத்திரிகைக்காரர்கள் இதைத் தாண்டி வரக்கூடாது என்று பட்டாளத்தார் கட்டி விட்டிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம், கையில் திசை டிவியின் மைக்கோடு, கேமராக்காரன் அன்வரைப் பார்த்தபடி நின்றான். லைவுக்குக் காத்திருக்கிற நிருபனின் காது குப்பைத்தொட்டி. ஸ்டுடியோ லைனில் என்னென்ன ஓடுகிறதோ அத்தனையும் அதில்தான் கொட்டும். புடவைக்கடை விளம்பரம், செய்தி வாசிக்கிற பையனின் தொண்டைச் செருமல், இன்னொரு ஊரில் இதேபோல் காத்திருக்கும் இன்னொரு ஆளின் மூச்சு. இன்றைக்கு அந்த இன்னொரு ஆள் ஆவுடையம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தன் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். திசை டிவியின் ஜில்லா நிருபர் ரத்தினவேல் அவள் காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு எதிரே கேமராவோடு இருக்கிறான். அதுதான் கூசுகிறதாம். அவள் மகன் கோமதிநாயகம் பட்டாளத்தில் சிப்பாய். நேற்று விடிகாலை, பேர் சொல்லக்கூடாத ஒரு மலைமுகட்டில் செத்துப்போனான். இது குணாளனுக்குத் தெரியும், ரத்தினவேலுக்குத் தெரியும், சென்னையில் நாலைந்து பேருக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

பேர் எப்படி வந்தது என்று நினைத்துப் பார்த்தால் அவனுக்கே வேடிக்கையாக இருந்தது. திருடவில்லை, லஞ்சம் கொடுக்கவில்லை, யார் காலையும் பிடிக்கவில்லை. பத்திரிகைக்காரர்களை மேய்க்கிற கர்னல் மத்தியானம் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். நல்ல மனுஷன். எதைக் கேட்டாலும் புன்னகை, எதற்கும் பதில் கிடையாது. எந்த இடம் என்றால் குறிப்பிட்ட பகுதி, எத்தனை பேர் என்றால் குறிப்பிட்ட எண்ணிக்கை, எப்போது என்றால் குறிப்பிட்ட நேரம். மூன்று வாரமாக இந்தக் குறிப்பிட்டதையே வாயில் போட்டு மென்று தமிழ்நாட்டுக்குத் துப்பிக்கொண்டிருந்தான் குணாளன். அந்தக் கர்னல், ஒரு கொண்டை ஊசி வளைவில், ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே, சும்மா பொழுது போகாமல் கேட்கிற மாதிரி கேட்டார்: குணா ஜி, நீங்கள் தெற்குக்காரர்தானே, சங்கரன்கோவிலுக்கு மதுரை ஏர்போர்ட் கிட்டேயா, தூத்துக்குடி ஏர்போர்ட் கிட்டேயா? சொந்த ஊர்ப்பக்கத்துப் பேர் வடக்கத்தி வாயிலிருந்து வந்ததும் இவனுக்குக் குளிர்ந்துபோயிற்று. கோவில்பட்டிக்காரன் இல்லையா. மளமளவென்று எடுத்துவிட்டான். தூரம் பார்த்தால் தூத்துக்குடிதான் சார் கிட்டே, கோவில்பட்டி வழியாக அடித்துப் பிடித்துப் போய்விடலாம், ஆனால் பெரிய விமானம் இறங்க வேண்டுமென்றால் மதுரைதான் சௌகரியம், ராஜபாளையம் ரோடு நல்ல ரோடு, நடுவில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது, அதில் மாட்டினால்தான் கஷ்டம். ரயில்வே கேட் வரைக்கும் சொல்லிவிட்டான், மடையன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பட்டாளத்துக்காரன் எதற்காகச் சங்கரன்கோவிலுக்கு ஏர்போர்ட் பார்க்கிறான்? யார் சார் என்றான். கர்னல் கியரை மாற்றினார். தான் வாயை விட்டுவிட்டது அவருக்கும் புரிந்துவிட்டது. அப்புறம் பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். எங்கள் ஆள் நேரில் போய் அந்தத் தாயிடம் சொல்வார், வழியில் இருக்கிறார், வீட்டுக்குத் தகவல் போகிற வரைக்கும் வெளியே வரக்கூடாது, உங்களை நம்பித்தான் சொல்கிறேன் என்றார். அம்மா சத்தியமாக, சார், என்றான் இவன். கேட்காமலேயே சத்தியம் செய்தான். யார் அம்மாவை வைத்துச் செய்தான் என்று இப்போது நினைக்கக்கூடாது.

நினைக்கக்கூடாது என்றால் அதைத்தான் நினைக்கும், மனசுக்கு அதுதானே வேலை. ஜீப்பிலிருந்து இறங்கி முதல் காரியமாக என்ன செய்தான்? சென்னைக்குப் போன் போட்டான். சாருமதி மேடத்திடம் சொன்னான். திசை டிவியில் எந்தச் செய்தி எப்போது எப்படிப் போகவேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள்தான். தயாரிப்புக்கு மட்டும் மேடம், என்றான். வீட்டுக்குத் தகவல் போன பிறகுதான் போடணும், சொல்லிட்டேன். அய்யோ குணா, அது தெரியாதா, நாமென்ன நேத்திக்கா வந்தோம், என்றாள். தயாரிப்புக்கு மட்டும். என்ன அழகான வார்த்தை. செய்தி அறையில் ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் போடாதீர்கள் என்பது, பசித்த பிள்ளை கையில் இட்லியைக் கொடுத்துவிட்டு நாளைக்குச் சாப்பிடு என்பது மாதிரிதான். அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னான். சொல்லும்போது, நான் போடாதே என்றுதானே சொன்னேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்வதற்கு இடம் வைத்துத்தான் சொன்னான். இப்படி இடம் விட்டுப் பேசுவதில் ஆள் கெட்டிக்காரன். ஆனால் ரத்தினவேலை அந்த வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அவன் நினைக்கவில்லை. நிஜமாகவே நினைக்கவில்லையா? சரி, நினைத்தான், இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. எல்லையில் என் பிள்ளை என்று ஒரு நிகழ்ச்சி எடுக்கிறோம் அம்மா, பட்டாளத்தில் மகன் இருக்கிற தாய்மாரிடமெல்லாம் பேசுகிறோம் என்று சொல்லி உள்ளே நுழைந்திருக்கிறான் ரத்தினவேல். அப்படி ஒரு நிகழ்ச்சியே கிடையாது. இனிமேல் இருக்கும். இன்றைக்கு நன்றாகப் போனால் வாராவாரம்கூடப் போடுவாள் சாருமதி.

"யய்யா ரத்தினம், வயர் இழுக்குதுய்யா, தலையத் திருப்ப முடியல," என்றாள் ஆவுடையம்மாள் காதுக்குள். "திருப்பாதீங்கம்மா, நேரா இங்கயே பாருங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான்," என்றான் ரத்தினவேல். "சேலை சரியா இருக்கா? அவன் போன பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தது. இதக் கட்டிக்கிட்டாத்தான் அவனுக்குத் தெரியும்னு கட்டிருக்கேன். அவன் பாப்பானாய்யா இத?" ரத்தினவேலின் செருமல் கேட்டது. பிறகு, "பாப்பாங்கம்மா," என்றான். பாவி, பாப்பாங்கம்மா என்கிறானே என்று குணாளன் பல்லைக் கடித்தான். ரத்தினவேல் மேல் கோபப்படுவது சுகமாக இருந்தது. எவன் மேலாவது கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் இந்த நேரம் ஓடிவிடும். மூக்கு நுனி மரத்துப்போயிருந்தது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியதுதான் தாமதம், காற்று ஸ்வெட்டருக்குள் கையை விட்டுத் தேடுகிறது. ஸ்வெட்டர் இவனுடையது இல்லை. பெனடிக்டுடையது. வந்த முதல் நாள் பல் கிடுகிடுவென்று அடிக்க நின்றபோது பெனடிக்ட் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. எதிரி கொடுத்த ஸ்வெட்டர். எதிரி என்ன எதிரி, ஒன்றாகப் படித்தவன், ஒரே தட்டில் பரோட்டா தின்றவன், இப்போது நொடி டிவியின் நட்சத்திரம். அதோ, மைதானத்தின் அந்த மூலையில், கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே, அவனும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து நிற்கிறான்.

பெனடிக்டுக்குத் தெரியுமா? இதுதான் மத்தியானத்திலிருந்து தொண்டையில் மாட்டிய முள். கர்னல் இவனிடம் மட்டும்தான் கேட்டாரா, இல்லை நாகர்கோவில்காரனும் தெற்குக்காரன்தானே என்று அவனிடமும் ஏர்போர்ட் விசாரித்தாரா? விசாரித்திருந்தால் பெனடிக்ட் ரயில்வே கேட் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான், முதல் கேள்வியிலேயே யார் என்று கேட்டிருப்பான், அந்தப் புத்தி உண்டு அவனுக்கு. மத்தியானம் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து ராஜ்மாவைப் பிசைந்துகொண்டே, என்னல, முகம் ஒரு மாதிரி இருக்கு என்றான். ஒண்ணுமில்லடே, குளிரு என்றான் இவன். அதற்குப் பெனடிக்ட் ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? தெரிந்தவன் சிரிப்பா, தெரியாதவன் சிரிப்பா? போன தடவை நடந்ததற்கு முன்னாலும் இப்படித்தான் சிரித்தான். இதே எல்லை, வேறொரு பள்ளிக்கூடம். ஹெலிகாப்டர் விழுந்த செய்தியை இரண்டு பேருக்கும் சொல்லி, விடியும் வரைக்கும் பொறுங்கள் என்றார்கள். குணாளன் பொறுத்தான். அரிச்சந்திரன் பொறுத்தான் ஐயா. பெனடிக்ட் பொறுக்கவில்லை. விடிகிறதற்குள் தமிழ்நாடு முழுக்க நொடி டிவிதான். பட்டாளத்தார் அவனை என்ன செய்தார்கள்? ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், மறுநாள் முன்னால் போகிற ஜீப்பில் அவனுக்குத்தான் இடம், ஏனென்றால் அவனைத்தான் ஊர் பார்க்கிறது. வாக்கைக் காப்பாற்றிய குணாளனுக்குச் சாருமதி மேடம் ஆடித் தள்ளுபடியைக் கொடுத்தாள். இரண்டு வருஷம் துணிக்கடை வாசலிலும் காய்கறி மார்க்கெட்டிலும் மைக்கோடு நின்று, தக்காளி என்ன விலை விக்கிறீங்க அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்காரியே ஒருநாள், நொடி டிவி பாத்தேன், உங்க ஃப்ரெண்டு நல்லாப் பேசுறாரு என்றாள். கல்யாணத்துக்கு வந்து பரிசு கொடுத்தவனாயிற்றே, பெருமையாகத்தான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை இவனுக்கு.

இந்த முறை அனுப்பும்போது சாருமதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். குணா, இது உங்களுக்குக் கடைசி சான்ஸ்னு மேல சொல்றாங்க, நான் சொல்லல. மேலே யார் என்று அவனும் கேட்கவில்லை. தக்காளிக்குத் திரும்பிப் போகிறதில்லை, அதற்கும் கீழே ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. நாற்பத்து மூன்று வயசில் டிவியை விட்டு எங்கே போவது? முடி கொட்டிய நிருபனை எந்த சேனல் கூப்பிடும்? அன்வர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினான், கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொல்லி. மலை தெரியக்கூடாது, பட்டாளத்து உத்தரவு, மலையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். நகர்ந்தான். எத்தனை ரகசியம். மலையின் முகம் ரகசியம், லாரிகளின் எண் ரகசியம், செத்தவன் எந்தப் பிரிவு என்பது ரகசியம், ஒரு கட்டியை வைத்துக்கொண்டு வலிக்கவில்லை என்று சொல்கிற ஆள் மாதிரி எல்லாவற்றையும் மூடி மூடி வைத்திருக்கிறார்கள். அதில் இந்த ஒரே ஒரு ரகசியம்தான் நியாயமானது. தாய்க்கு முதலில் தெரியட்டும் என்பது. ஒரு மனுஷன் எதிரே வந்து தொப்பியைக் கழற்றி, உட்காருங்கள் அம்மா என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு அப்புறம் சொல்லட்டும் என்பது. மற்ற ரகசியங்களையெல்லாம் உடைக்க இவனுக்குத் துப்பில்லை. இது ஒன்றுதான் கைக்கு எட்டியது.

"குணா, கேக்குதா?" சாருமதி. குரல் தேன். "அஞ்சு நிமிஷத்துல வர்றோம். நொடி டிவி கீழே ஓடுற வரியில 'தமிழக வீரர்' அப்படின்னு போட்டுட்டான். பேர் போடல. பேர் அவன்கிட்ட இருக்கா இல்லையா தெரியல. உங்களுக்கு முன்னாடிதானே நிக்கிறான், பாருங்க." குணாளன் பார்த்தான். பெனடிக்ட் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தமிழக வீரர் என்று போட்டுவிட்டானா? எங்கிருந்து கிடைத்தது? "மேடம், வீட்டுக்குத் தகவல் போயிடுச்சா?" என்றான், உதட்டை அசைக்காமல். "போய்க்கிட்டே இருக்கு குணா. வழியில இருக்காங்க." போய்க்கிட்டே இருக்கு. அப்படியென்றால் போகவில்லை. பட்டாளத்து ஆள் இப்போது எங்கே வந்துகொண்டிருப்பார்? இரண்டு பக்கமும் வேலிக்கருவை நிற்கிற அந்த ரோட்டில்தான் எங்கேயோ. ஆவுடையம்மாள் வீட்டு வாசலில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. இயர்பீஸுக்குள் தெளிவாகக் கேட்டது, வந்து நின்று, எஞ்சின் அணைந்தது. வந்துவிட்டார். குணாளனுக்குக் காலில் இருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. வந்துவிட்டார், சாமி, நான் தப்பித்தேன் என்று நினைத்தான். அதே மூச்சில், அதே நெஞ்சுக்குள், ஐயோ போச்சே என்றும் ஒரு குரல் கேட்டது. முதல் குரலைவிட அது கொஞ்சம் சத்தமாகவே இருந்தது. "பால்காரன்யா," என்றாள் ஆவுடையம்மாள், "ஏ செல்லையா, பாலு நாளைக்கு வாங்கிக்கிடுதேன், நான் டிவியில இருக்கேன்." வண்டி கிளம்பிப் போயிற்று. போச்சே என்ற குரல் அடங்கிவிட்டது, நிம்மதியாக. அந்த நிம்மதியைக் குணாளன் பார்த்துவிட்டான். வேறு யாரும் பார்க்கவில்லை, அவன் பார்த்தான். பட்டாளத்து ஆள் வரக்கூடாது, ரயில்வே கேட்டில் மாட்டட்டும், டயர் பஞ்சராகட்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். இவ்வளவுதானா நான் என்று கேட்டுக்கொண்டான். இவ்வளவுதான் என்று பதில் வந்தது. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

இனி மூளை தர்க்கம் பண்ண ஆரம்பித்தது, அதற்கு ஒரு குறைச்சலும் இல்லை. எப்படியும் இன்னும் ஒரு மணி நேரத்தில் அவளுக்குத் தெரியத்தானே போகிறது. இவன் சொன்னால் செத்தவன் இன்னும் கொஞ்சம் சாகப்போகிறானா? சொல்லாவிட்டால் எழுந்து வரப்போகிறானா? இவன் சொல்லாவிட்டால் பெனடிக்ட் சொல்லுவான், பெனடிக்ட் சொன்னால் தெருவில் எவனாவது ஓடிவந்து வாசலில் நின்று கத்துவான், அது இதைவிட மோசம். குறைந்தபட்சம் இவன் ஊர்ப்பக்கத்துக்காரன், மரியாதையாகச் சொல்லுவான், வீரமரணம் என்று சொல்லுவான். அடேயப்பா, மரியாதை. இயர்பீஸ் வேலை செய்யவில்லை என்று காதைத் தட்டிக் காட்டினால் என்ன? அன்வரிடம் ஒரு சைகை செய்தால் வயரை உருவிவிடுவான், நல்ல பையன், ஏன் என்று கேட்கமாட்டான். லைன் கட்டாகிவிட்டது மேடம், மலை இல்லையா மேடம். ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. கையைத் தூக்கிக் காதருகே கொண்டுபோனான்கூட. அப்போது பெனடிக்ட் நிமிர்ந்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, மைக்கை மார்புக்கு நேரே பிடித்தான். அது ஒரு நிருபன் பேசப்போகிறபோது நிற்கிற நிலை. குணாளனுக்கு அந்த நிலை அத்துப்படி. கை கீழே இறங்கிவிட்டது.

"வந்துட்டோம் குணா, அடுத்தது நீங்கதான். அந்தம்மாவையும் உங்களையும் ஒரே திரையில வச்சிருக்கேன், பக்கத்துல பக்கத்துல. மொதல்ல அவங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும், அப்புறம் நீங்க." இது எப்போது முடிவு செய்தார்கள்? "மேடம், அவங்க காதுல இருக்கிறதை எடுக்கச் சொல்லுங்க. நான் பேர் சொல்லும்போது அவங்களுக்குக் கேக்க வேண்டாம்," என்றான் குணாளன். நிஜமாகவே சொன்னான், அவன் கணக்கில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாருமதி சிரிக்கவில்லை, கோபப்படவில்லை. "கேக்கணும் குணா," என்றாள். "கேட்டாத்தானே." இசை வந்தது, செய்தி வாசிக்கிற பையன் வணக்கம் சொன்னான், எல்லையிலிருந்து நமது சிறப்புச் செய்தியாளர் குணாளன் இணைந்திருக்கிறார் என்றான். அன்வரின் விரல் இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குள் ஆவுடையம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள். "யய்யா, தம்பி, நீங்க அங்கனதான் நிக்கியளா? எம்மவன் இருக்கிற எடமா அது? குளுரு ரொம்பவா? அவனுக்குக் குளுரு ஆகாதுய்யா, சின்னதுலேருந்தே நெஞ்சுச்சளி. எங்கனயாவது அவனப் பாத்தா, அம்மா கேட்டான்னு சொல்லுங்க. போன் போட்டு ரொம்ப நாளாச்சு, டவர் இல்லைன்னான். வேற ஒண்ணுமில்ல."

வேற ஒண்ணுமில்ல என்று அவள் முடித்த இடத்தில் குணாளன் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஊர்க் குரல். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் தடவை கேட்ட குரல். வாயைத் திறந்தால் சரிம்மா சொல்லுதேன் என்றுதான் வரும்போல் இருந்தது. சொல்லுதேன் என்று சொல்லிவிட்டால்கூடப் போதும், உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள், பட்டாளத்து ஆள் வருகிற வரைக்கும் மகன் டிவியில் சேலையைப் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். "குணா, பேர்," என்றாள் சாருமதி காதில். கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே பெனடிக்டின் வாய் அசைய ஆரம்பித்தது. என்ன சொல்கிறான்? உதடு குவிந்ததா? கோ என்றா? காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. கோ என்றுதான் குவிந்தது, குவிந்தமாதிரிதான் இருந்தது. அவ்வளவுதான், குணாளனின் வாய் தானாகத் திறந்துகொண்டது. தானாக என்று அவன் பின்னால் சொல்லுவான். எல்லையில் நேற்று நடந்த சண்டையில் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சிப்பாய் கோமதிநாயகம் வீரமரணம் அடைந்தார், இந்தச் செய்தியை முதன்முதலில் உங்களுக்குத் தருவது திசை டிவி. தடுக்கல் இல்லை, திக்கல் இல்லை. நல்ல கணீரென்ற குரல். முதன்முதலில் என்ற வார்த்தையைக்கூட விடவில்லை.

மலையிலிருந்து போகிற குரல் மேலே ஏறி, சென்னையில் இறங்கி, அங்கேயிருந்து சங்கரன்கோவில் பக்கம் போய்ச் சேரச் சில நொடி பிடிக்கும். இது எல்லா நிருபர்களுக்கும் தெரிந்த சங்கதி, அந்த நேரம் சும்மா தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். குணாளன் தலையை ஆட்டவில்லை. சொல்லி முடித்துவிட்டான், அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே அவள் ரத்தினவேலிடம் மெதுவாக, தம்பி வாயே திறக்க மாட்டேங்காரே, நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டனா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே நீண்டுகொண்டே போகாதா என்று குணாளன் நின்றான். எதிர்மூலையில் பெனடிக்ட் பேச்சை நிறுத்தியிருந்தான். யாரோ காதில் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி இவனைப் பார்த்தான். அவனுக்குப் பேர் தெரிந்திருக்கவில்லை. பனி விழுந்து கோவேறு கழுதைகள் வழியில் மாட்டிக்கொண்ட கதையைத்தான் அவன் இத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருந்தான். பெனடிக்டின் முகத்தில் திட்டு இல்லை, அடப்பாவி என்பது இல்லை, சுத்தமான பொறாமை இருந்தது. இந்த முகத்தைப் பார்க்கத்தான் இரண்டு வருஷம் தக்காளி விலை கேட்டோம் என்று குணாளனுக்குள் ஒன்று துள்ளியது. வெட்கங்கெட்டதுதான், துள்ளத்தான் செய்தது.

பிறகு காதில் அவள் குரல் வந்தது. அலறல் இல்லை. அவசரமான, சந்தோஷமான குரல். "என்னய்யா, எம்மவன் பேரச் சொன்னியளே. காத்து எரையுது, மத்தது ஒண்ணும் காதுல விழல. கோமதிநாயகம்னுதானே சொன்னிய? பாத்துட்டியளா அவன? நல்லா இருக்கானா?" சாருமதி மட்டும்தான் பேசினாள், அமைதியாக, வேலை தெரிந்தவளாக. "அவங்களுக்குச் சரியாக் கேக்கல குணா. முகத்துல ஒண்ணுமே வரல. மைக்குல காத்து அடிக்குது. மறுபடி சொல்லுங்க, நிறுத்திச் சொல்லுங்க. அவங்ககிட்டயே சொல்லுங்க."

குணாளன் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். மலை தெரியாமல் அன்வரும் கேமராவோடு சுற்றி வந்தான். மைக்கை இரண்டு கையாலும் பொத்தி வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், அம்மா என்று கூப்பிட்டு, ஒரு வார்த்தைகூடத் தவறிப்போகாதபடி, அவளுக்கு விளங்குகிற ஊர்ப் பேச்சிலேயே சொன்னான்.